தண்ணீர் வரும் நாள்: உசிலம்பட்டிப் பக்கம் ஆறு நாட்கள்

அக்டோபர் 5, ஞாயிறு

கும்பகோணத்தில் விடியற்காலை கிளம்பி, திருச்சியில் மாறி, மாட்டுத்தாவணியில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஆரப்பாளையம். நெல்லும் வாழையுமாகப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, கொட்டாம்பட்டி வரும்போதே பச்சை குறைவது தெரிந்துவிட்டது. ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் பிடித்து நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டினால் மலை கூடவே வருகிறது, கீழே கருவேலங்காடு. புரட்டாசி பாதி கழிந்தும் வெயில் சித்திரை மாதிரி அடித்தது.

முப்பத்து நான்கு வருஷம் அரசு வேலையில் இருந்தேன். முதலில் கிராம சுகாதார செவிலியர், பிறகு பகுதி சுகாதார செவிலியர். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி இந்தப் பக்கம் மகளிர் குழுக்களோடு வேலை செய்கிறாள். உசிலம்பட்டிக்கும் எழுமலைக்கும் நடுவில் உள்ள எட்டுக் கிராமங்களிலிருந்து இருபத்து நான்கு பெண்கள். கொசு, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிரஷர், சர்க்கரை பற்றி அவர்களுக்கு நான்கு நாள் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று கூப்பிட்டாள். மறு பேச்சு பேசாமல் வந்துவிட்டேன்.

செக்கானூரணிக்கு முன்னால் பஸ் பஞ்சர். மாற்று டயரிலும் காற்று இல்லை. முக்கால் மணி நேரம் ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றோம். சீத்தாப்பழக் கூடையோடு வந்த ஒரு அம்மா, கூடையை இறக்கி வைத்துவிட்டு, “எந்த ஊருத்தா? தனியாவா வாரீக?” என்று கேட்டபடி ஒரு பழத்தைப் பிட்டு பாதியை என் கையில் வைத்தார். காசு கொடுக்கப் போனால் கோபம் வந்துவிட்டது. “விக்கிற பழம் வேற, குடுக்கிற பழம் வேற.” பிறகு ஒரு கூறு ஐம்பது ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன். அதற்குக் காசை மறுக்கவில்லை.

உசிலம்பட்டி என்ற பெயரை நான் முதலில் கேட்டது எண்பதுகளில், செவிலியர் பயிற்சியில் இருந்தபோது. பெண் சிசுக்கொலைச் செய்திகளோடுதான் அந்தப் பெயர் வரும். அந்த நினைவு இத்தனை வருஷமாக உள்ளே ஒரு ஓரத்தில் கிடந்திருக்கிறது. தோழி வீட்டில் ராத்திரி தோசையும் தண்ணிச் சட்னியும் சாப்பிடும்போது அதைச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. “நாளைக்கு வகுப்புல பாருங்கக்கா” என்றாள்.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் குதிரைவாலிப் பொங்கல். இந்தப் பக்கத்து மானாவாரி நிலத்தில் விளைவது. ஒரு தட்டு சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது என்றார்கள், உண்மைதான்.

பயிற்சி ஊருக்கு நடுவில் ஒரு பொதுக் கட்டிடத்தில். ஒன்பதரைக்கு இருபத்து நான்கு பேரும் வந்துவிட்டார்கள். பத்தொன்பது வயதுப் பெண் முதல் ஐம்பத்தைந்து வயது அக்கா வரை. முதல் வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஒருவர். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். “மூணும் பொம்பளைப் பிள்ளைக சிஸ்டர். மூத்தது மதுரையில நர்ஸுக்குப் படிக்குது” என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும், நேற்று ராத்திரி நான் பேசியது நினைவுக்கு வந்து மனசு சுட்டது.

கும்பகோணத்திலேயே படங்கள் எல்லாம் தயார் செய்து கொண்டுபோயிருந்தேன். பத்து மணிக்குக் கரண்ட் போனது. பராமரிப்பு வேலை, சாயங்காலம்தான் வரும் என்றார்கள். என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் நின்றேன். அப்புறம் ஆளுக்கொரு கண்ணாடி டம்ளர் கொடுத்து, “கால் மணி நேரம். இந்தக் கட்டிடத்தைச் சுற்றி எங்கே தண்ணீர் தேங்கியிருந்தாலும் கொஞ்சம் எடுத்து வாங்க” என்று அனுப்பினேன்.

பதினொரு டம்ளரில் தண்ணீர் வந்தது. நான்கில் புழு. ஒன்று உடைந்த சிமெண்ட் தொட்டி, ஒன்று தேங்காய்ச் சிரட்டை, ஒன்று ஆடு குடிக்கும் சட்டி. நான்காவது வாசலில் யாரும் ஆட்டாமல் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி.

அந்த ஆட்டுக்கல் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தோம். இருபத்து நான்கு தலையும் ஒன்றாகக் குனிந்தது. தண்ணீர் பார்க்கச் சுத்தமாக இருந்தது, குடிக்கலாம் போல. மேலே பத்துப் பன்னிரண்டு புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. வால் நுனியில் உள்ள குழலைத் தண்ணீரின் மேல் மட்டத்தில் வைத்து மூச்சு வாங்கும். டம்ளரை விரலால் தட்டினால் நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளிந்தன. அரை நிமிஷத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்தன. நடுவே இரண்டு மட்டும் கமா போல வளைந்து, தலை பெருத்து இருந்தன. “இது கூட்டுப்புழு. இரண்டு நாளில் இறக்கை முளைத்துப் பறந்துவிடும்” என்றேன். பத்தொன்பது வயதுப் பெண் டம்ளரை எடுத்து மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு, “இதைத்தேன் தண்ணிப்பூச்சின்னு நெனச்சுக்கிட்டு வெரலால எடுத்துப் போட்டுட்டு முகம் கழுவுவோம்” என்றாள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, நல்ல தண்ணீர்தான் வேண்டும். காலில் வெள்ளை வரி இருக்கும். பகலில்தான் கடிக்கும், அதிலும் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும் அதிகம். வெகுதூரம் பறக்காது, வீட்டில் கடித்தால் அது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான். முட்டையிலிருந்து கொசுவாக எட்டு முதல் பத்து நாள் ஆகும். முட்டையைத் தண்ணீருக்குள் போடாது, தண்ணீர் மட்டத்துக்கு மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும். பாத்திரம் காய்ந்து கிடந்தாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதெல்லாம் சொன்னேன். தலையாட்டினார்கள்.

அடுத்ததாக, எப்போதும் சொல்கிற அந்த வரியைச் சொன்னேன்: “வீட்டில் தண்ணீரைச் சேர்த்து வைக்காதீர்கள்.”

தலையாட்டல் நின்றுவிட்டது. ஐம்பத்தைந்து வயது அக்கா எழுந்து நின்றார். “சிஸ்டர், எங்க தெருவுக்குக் குழாயில தண்ணி அஞ்சு நாளைக்கு ஒருக்கா வரும். அதுவும் ஒரு மணி நேரம். சேர்த்து வைக்காம என்ன செய்யச் சொல்றீக?”

பதில் இல்லை என்னிடம். ஆற்றங்கரையில் வேலை பார்த்தவள் நான். வாய்க்காலும் அடிபம்பும் உள்ள ஊரில் முப்பது வருஷம் இந்த வரியைச் சொல்லியிருக்கிறேன், அங்கே யாருக்கும் அது உறுத்தவில்லை. இங்கே வைகை அணை நிரம்புமா, 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விடுவார்களா என்று ஒவ்வொரு வருஷமும் காத்திருக்கும் ஜனத்திடம் போய், சேர்த்து வைக்காதே என்றால் யார் கேட்பார்கள்? கேட்கவும் கூடாது.

அவர்களையே பேச விட்டேன். வீட்டுக்கு வீடு 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டோ மூன்றோ இருக்கிறது. தண்ணீர் வரும் நாளில் டிரம்மில் கால்வாசி மிச்சம் இருக்கும். அதைக் கொட்ட மனசு வராது. மேலேயே புதுத் தண்ணீரைப் பிடித்துவிடுவார்கள். அப்படியே மாதக்கணக்கில் டிரம் காலியாவதே இல்லை. கொசு பிறப்பது அங்கேதான்.

பச்சைச் சேலை அக்காதான் முதலில் கண்டுபிடித்தார். “அஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான தண்ணி? கொசு வர எட்டு நாளாகுமுன்னு சிஸ்டர் சொல்றாக. அப்ப தண்ணி வர்ற அன்னைக்குக் காலையில மிச்சத்தைக் குடத்துல, வாளியில மொண்டு வச்சுக்கிட்டு, டிரம்மை ஒரு தேய்ப்புத் தேய்ச்சுட்டுப் பிடிச்சா?” மொண்டு வைத்த தண்ணீர் மாட்டுக்கு ஆகும், பாத்திரம் கழுவ ஆகும். வாயைப் பழைய வேட்டித் துணியால் இழுத்துக் கட்டிவிடலாம். மூடியில் ஓரத்தில் இடைவெளி இருக்கும், துணியில் இருக்காது.

அவ்வளவுதான். ஐந்து, எட்டு என்ற இரண்டு எண்ணும் இத்தனை வருஷமாக என் கையில் இருந்தவை. நான் ஒருநாளும் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: “தண்ணி வர்ற நாள்தான் டிரம் தேய்க்கிற நாள்.” நான்கு நாளும் அதை யாரும் அழிக்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று பிரஷரும் சர்க்கரையும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய பிறகு, வீட்டுக்கே வந்து பிரஷர் பார்ப்பது இந்தக் கிராமங்களுக்குப் புதிதல்ல. வகுப்பில் இரண்டு பேருக்குப் பட்டையைச் சுற்றவே தெரிந்திருந்தது. ஆனால் சுற்றத் தெரிவது வேறு, சரியாகப் பார்ப்பது வேறு. இதில் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். தப்பான எண்ணை எழுதுவதைவிட எழுதாமல் இருப்பது மேல்.

முதல் சிக்கல் நாற்காலி. இங்கே எல்லோரும் தரையில் சம்மணம் போட்டுத்தான் உட்காருகிறார்கள். பிரஷர் பார்க்க முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் ஏதாவது ஒன்றின் மேல் தாங்கி இருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும். டீ குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். பார்க்கும்போது பேசக் கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். ஜோடி ஜோடியாகப் பழகும்போது ஒரு அக்கா மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே கையை நீட்டினார்: 160. வாயை மூடி ஐந்து நிமிஷம் உட்காரச் சொல்லித் திரும்பப் பார்த்தால் 138. இரண்டு எண்ணையும் பலகையில் எழுதினோம். அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர்களே ஒருவரை ஒருவர் “பேசாத, பேசாத” என்று அடக்கினார்கள்.

ரவிக்கைக் கையும் ஒரு பிரச்சினை. இறுக்கமான ரவிக்கையை மேலே சுருட்டினால் அது தனியாகக் கையைப் பிடிக்கும். அதன் மேலேயே பட்டையைச் சுற்றினாலும் எண் தப்பும். நைட்டியோ தளர்ந்த ரவிக்கையோ போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், ஆம்பிளை இல்லாத உள் அறையில் பாருங்கள் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

எங்களுக்குச் சமைத்துப் போடும் அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டு உட்கார வைத்தோம். உழைத்து உரம் ஏறிய பெரிய கை. பட்டை பாதிதான் சுற்றியது, ஒட்டவே திணறியது. 154க்கு 96. அந்தம்மா முகம் சுருங்கிவிட்டது. “இதை எழுத வேண்டாம்” என்றேன். பெரிய கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் ஏறித்தான் காட்டும். பையில் இருந்த ஆறு கருவியிலும் ஒரே அளவுப் பட்டைதான். பெரியதும் வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. 140க்கு 90 என்ற கோட்டில் நின்றுகொண்டு மாத்திரையா இல்லையா என்று முடிவெடுக்கும் இடத்தில், இந்தப் பட்டையின் அளவு ஒரு மனுஷியின் மீதிக் காலத்தையே மாற்றும். இதை நினைத்து மதியம் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனைக்கும் அந்தம்மாவின் மொச்சைக் குழம்பு அவ்வளவு நன்றாக இருந்தது.

சர்க்கரைக்கு என் விரலையே கொடுத்தேன். ஒரு வாழைப்பழத்தை உரித்துப் பிசைந்துவிட்டு, கை கழுவாமல் குத்திக் காட்டினேன்: 200க்கு மேல். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பக்கத்து விரலில் குத்தினால் 121. “அய்யோ” என்று ஒரே குரலாக வந்தது. விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஊசி ஒருவருக்கு ஒன்று, போட்டதும் குத்தாத கெட்டி டப்பாவில். குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளர் கையைக் கிழிக்கும். இதை மூன்று முறை சொன்னேன்.

சாயங்காலம் இடியோடு ஒரு மழை. இருபது நிமிஷம்தான். மண் வாசனை ராத்திரி வரை இருந்தது. பஸ் நிலையத்தருகே பருத்திப்பால் குடித்தோம், டம்ளர் இருபது ரூபாய். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் சுடச்சுட இறங்கியது. புரட்டாசி என்பதால் புரோட்டாக் கடைகள் காலியாகக் கிடந்தன.

அக்டோபர் 8, புதன்

மழை பெய்த மறுநாள் வயிற்றுப்போக்கு பற்றிப் பேசுவது பொருத்தம்தான்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கரைத்துக் காட்டுங்கள் என்றதும், ஒரு பெண் டம்ளர் தண்ணீரில் பாக்கெட்டில் பாதியைக் கொட்டி, மிச்சத்தை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்தாள். ஒரு பாக்கெட் ஒரு லிட்டருக்கு உரியது. டம்ளரில் கரைத்தால் உப்பு அதிகமாகி, குழந்தைக்கு இருக்கிற கஷ்டம் இன்னும் கூடும். அவள் மேல் தப்பில்லை. ஒரு லிட்டர் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது. அவள் வீட்டில் ஒரு லிட்டர் என்று எந்தப் பாத்திரமும் இல்லையே.

எல்லோரையும் மதியம் வீட்டுக்குப் போய், தண்ணீர் மொள்ளும் செம்போ சட்டியோ எடுத்து வரச் சொன்னேன். எவர்சில்வர் செம்பு, பித்தளைச் செம்பு, தூக்குவாளி, ஒரு பால்குக்கர். கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளந்து அளந்து ஊற்றினோம். தண்ணீர் நின்ற இடத்தில் உள்பக்கம் சின்ன ஆணியால் ஒரு கீறல். பத்தொன்பது வயதுப் பெண் தன் தூக்குவாளிக்கு வெளிப்பக்கம் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடும் போட்டாள். இரண்டு பேர் பாத்திரத்தில் ஒரு லிட்டர் கொள்ளவில்லை. அவர்கள் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைக் குறித்துக்கொண்டார்கள். இந்த ஒரு மணி நேரம் எனக்கு மிகவும் பிடித்தது.

கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். குழந்தைக்கு ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்துத் திரும்பவும் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரை, போக்கு நின்றாலும் 14 நாள். பாக்கெட் கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது.

அப்போது ஒரு அக்கா, நாற்பத்தைந்து வயதிருக்கும், இருந்த இடத்திலிருந்தே பேசினார். அவருடைய தம்பி இரண்டு வயதில் இப்படித்தான் போனானாம். “தண்ணி குடுத்தா இன்னும் போகுமுன்னு எங்க அப்பத்தா வாயை நனைக்கவே விடல. அவன் நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டான். எனக்கு ஆறு வயசு. செம்பு நெறைய தண்ணி பக்கத்துலயேதேன் இருந்துச்சு.”

யாரும் பேசவில்லை. பச்சைச் சேலை அக்கா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர்களுக்கு 1971ஆம் வருஷக் கதையைச் சொன்னேன். வங்கதேசப் போரில் அகதிகள் மேற்கு வங்கத்துக்கு வந்து குவிந்தபோது, போங்கான் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில் தீர்ந்துபோனது. திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் சோடாவும் தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்தார். நோயாளிகளுக்கு அதைப் புகட்டியது பெரும்பாலும் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அம்மா, அக்கா, புருஷன் என்று கூட வந்த சொந்தங்கள்தான். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த முகாமில், அது நாலு பேருக்கும் கீழே இறங்கியது. “டம்ளரோட நின்ன சொந்தக்காரங்கதான் காப்பாத்தினாங்க” என்றேன். தம்பியைப் பற்றிச் சொன்ன அக்கா தன் பித்தளைச் செம்பின் உள்ளே அந்தக் கீறலை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

ராத்திரி தூக்கம் வர நேரமானது.

அக்டோபர் 9, வியாழன்

இன்று தெருவில். ஆறு ஆறு பேராக நான்கு குழு. நான் எழுமலை பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போன குழுவோடு சேர்ந்துகொண்டேன். ஏழு மணிக்கே நடக்க ஆரம்பித்தோம், ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் உறைத்தது.

முதலில் மேல்நிலைத் தொட்டி. தொட்டி பார்த்துக்கொள்பவர் பொறுமையான மனிதர். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். அவருடையது 30,000 லிட்டர் தொட்டி, ஆக 120 கிராம். வாளியில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிந்த தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றினார். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறப்பாராம். பவுடர் மூட்டையை வாய் கட்டி, ஈரம் படாமல் வைத்திருந்தார். திறந்து கிடந்தால் வீரியம் போய்விடும். கடைசித் தெருக் குழாயில் பிடித்த தண்ணீரில் பிளீச்சிங் மருந்து கடைசி வரை வந்திருக்கிறதா என்று சோதனைச் சொட்டு விட்டுப் பார்த்தோம். இளமஞ்சள் வந்தது, வந்திருக்கிறது என்று அர்த்தம். பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி. ஒரு பெண் சொன்னாள்: “தண்ணியில மருந்து வாடை அடிக்குதுன்னு நேத்து வரைக்கும் நாந்தேன் இவரைத் திட்டுவேன்.”

பிறகு வீடுகள். பன்னிரண்டு வீடு பார்த்தோம், நான்கில் புழு. எந்த வீட்டில் நுழைந்தாலும் முதலில் செம்பு நிறையத் தண்ணீர் வருகிறது. ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில் முன்பின் தெரியாதவளுக்கு ஒரு செம்புத் தண்ணீர். நான் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் வாசல் கட்டிலை விட்டு எழவே இல்லை. “வருவீக, கணக்கெடுப்பீக, போட்டோ எடுப்பீக. அப்புறம் ஒரு பய எட்டிப் பார்க்க மாட்டாய்ங்க.” அவர் பார்வை என் மேல்தான். வெளியூர்க்காரி, கையில் பை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் பச்சைச் சேலை அக்கா முன்னால் வந்தார். “இவுக நாளைக்குப் போயிருவாக மாமா. நான் எங்கிட்டுப் போகப் போறேன்? அஞ்சு நாளைக்கு ஒருக்கா வருவேன். நீங்க உள்ள விடலைன்னா அத்தைக்கிட்டச் சொல்லுவேன்.” பெரியவர் முகம் மாறியது. “ஏ, உள்ள போங்கத்தா” என்றார்.

அந்த வீட்டில் டிரம் சுத்தமாக இருந்தது. பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டில்தான் புழு. அந்த வீட்டுப் பெண்ணுக்கு அப்படி ஒரு தட்டு இருப்பதே தெரியாது. அக்கா அவளைத் திட்டவில்லை. டார்ச் அடித்துக் காட்டி, தட்டை இழுக்கச் சொல்லிக் கொடுத்து, வெயில்பட்ட வெறும் தரையில் அவள் கையாலேயே கொட்டச் செய்தார். சாக்கடையில் கொட்டியிருந்தால் புழு அங்கே பிழைத்துக்கொள்ளும். திங்கட்கிழமை வகுப்பில் நான் போகிற போக்கில் சொன்ன விஷயம் அது. மறந்திருக்க மாட்டார்கள் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

ஒன்பதாவது வீட்டில் பத்து வயதுப் பையன் படுத்திருந்தான். நான்கு நாள் காய்ச்சல். “இன்னைக்குக் காலையில விட்டுருச்சு” என்று அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். என் கூட வந்த பத்தொன்பது வயதுப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள் என்று படித்திருந்தோம். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை. அவளே கேட்டாள், ஒவ்வொன்றாக. வயிறு வலிக்குதா? வாந்தி நிக்காம வருதா? பல் ஈறில் ரத்தம்? வெளிக்குக் கறுப்பாப் போச்சா? கை கால் சில்லுன்னு இருக்கா? ஒண்ணுக்குப் போய் எவ்வளவு நேரமாச்சு? ராத்திரி முதல் வயிறு வலி, காலையிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை. கடையில் வாங்கிய வலி மாத்திரை வேறு இரண்டு கொடுத்திருந்தார்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை இந்தக் காய்ச்சலில் ஆகாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

108க்குப் போன் செய்தாள். அம்மா அழ ஆரம்பித்தாள். “அழாதீங்க மதினி, நானும் கூட வாரேன்” என்று வண்டியில் ஏறிப் போனாள். சாயங்காலம் அவளிடமிருந்து போன்: ரத்தம் எடுத்திருக்கிறார்கள், டிரிப் ஏறுகிறது, பையன் கண் திறந்து பேசுகிறான், ஒன்றுக்கும் போனான். நான் தோழி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். முப்பத்து நான்கு வருஷத்தில் எத்தனையோ பார்த்தவள்தான்.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் விடைபெறும்போது சீரணி மிட்டாய் ஒரு கிலோ, குதிரைவாலி இரண்டு கிலோ, கனகாம்பரமும் மல்லியும் சேர்த்துக் கட்டிய பூ என்று பை கனத்துவிட்டது. பையன் தேறிவருகிறான் என்று தகவல். சமையல் அம்மா மட்டும் ஒதுங்கி நின்று, “எனக்குப் பிரஷர் இருக்கா இல்லையா சிஸ்டர்?” என்று கேட்டார். மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மதுரையில் இறங்கியதும் நேராகப் பனகல் சாலை. பெரியாஸ்பத்திரிக்கு எதிரே மருத்துவச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முதல் இரண்டு கடையில் பெரிய அளவுப் பட்டை இல்லை. மூன்றாவது கடைப் பையன் ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி இரண்டு எடுத்துக் கொடுத்தான். ஒன்று 450. எதற்கு என்று கேட்டான், சொன்னேன். இரண்டுக்கும் சேர்த்து 800 வாங்கிக்கொண்டு, டீ சொல்லட்டுமா என்றான்.

ஆரப்பாளையம் போய் உசிலம்பட்டி பஸ் கண்டக்டரிடம் பார்சலைக் கொடுத்தேன். பஸ் நிலையத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார் என்றேன். “இன்னைக்கு வேற கலர் கட்டியிருந்தா?” என்று கேட்டார். அதுவும் சரிதான், போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

ராத்திரி எட்டரை மணி, பஸ் தஞ்சாவூரை நெருங்கும்போது போன் வந்தது. சமையல் அம்மா வீட்டிலிருந்து பேசினார்கள். பெரிய பட்டை நன்றாகச் சுற்றியதாம். 136க்கு 84.

“ஒருதடவை பார்த்ததை வச்சுச் சொல்லப்படாதுல்ல சிஸ்டர்” என்றார் பச்சைச் சேலை அக்கா, நான் வாய் திறப்பதற்குள். “நாளைக்குக் காலையில அடுப்புப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி வாரேன்னு சொல்லியிருக்கேன். அஞ்சு நிமிசம் சும்மா உக்கார வச்சுத்தேன் பார்ப்பேன்.”